புளி போட்டுத் தேய்த்த காசு

பழங்காசு ஒன்று கையில் கிடைத்தால் முதல் வேலையாக அதைத் தேய்த்துக் கழுவுவார்கள். நம் வீடுகளில் அரை நூற்றாண்டுக்கு முன்வரை இதை யாரும் கேள்வி கேட்டதில்லை. செம்புக் காசு என்றால் புளியும் உப்பும். வெள்ளி என்றால் விபூதி, அல்லது பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர். கொஞ்சம் வசதியான வீட்டில் பிராஸோ டப்பா இருக்கும். குத்துவிளக்குக்கு நடக்கும் உபசாரம் அத்தனையும் விக்டோரியா ராணிக்கும் நடந்தது. கழுவித் துடைத்து வெயிலில் காட்டினால் காசு பளபளக்கும், பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள். ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் இப்படித் தேய்த்துத் தேய்த்து ராணியின் மூக்கும் ஆண்டின் கடைசி இலக்கமும் கரைந்துபோனதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை.

இன்று காசு சேர்க்கும் கல்லூரிப் பையனிடம் புளி என்று சொல்லிப் பாருங்கள், பதறிவிடுவான். காசை விளிம்பில் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது, மேற்பரப்பில் படிந்த கருமையும் பச்சையும் அப்படியே இருக்க வேண்டும் என்று நமக்கே பாடம் எடுப்பான். இதைப் பழைய நாணயவியல் நூல்களும் சொல்லிக்கொண்டுதான் இருந்தன, கேட்டவர் குறைவு. கேட்க வைத்தது கைப்பேசியில் இருக்கும் கேமரா என்பது என் கணிப்பு. காசைப் பல மடங்கு பெருக்கித் திரையில் பார்த்தவர்களுக்கு, தேய்த்த காசின் முகத்தில் ஆயிரம் கீறல் இருப்பது தெரிந்துவிட்டது.

காசு வந்த வழியும் அன்றைக்கு வேறு. பெரும்பாலும் அது சில்லறையாகத்தான் வந்தது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆனது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா அல்லது பன்னிரண்டு தம்பிடி. சட்டம் ஒரே நாளில் மாறினாலும் கடைத்தெரு மாறவில்லை. சில ஆண்டுகள் புதுக்காசும் பழங்காசும் ஒரே கல்லாப்பெட்டியில் கிடந்தன. சேகரிக்கும் புத்தி இருந்த பிள்ளைகளுக்கு அது பொற்காலம். யுத்த காலத்தில் செம்பை மிச்சப்படுத்துவதற்காக 1943 முதல் நடுவில் ஓட்டை போட்டு அடித்த காலணாவை மிட்டாய்க்கடை மீதியிலேயே வாங்கிவிடலாம். அந்த ஓட்டைக் காலணாவை அரைஞாணில் கோத்துக் குழந்தை இடுப்பில் கட்டியவர்களும் உண்டு, போல்ட்டுக்கு வாஷராக மாட்டியவர்களும் உண்டு.

வெள்ளி ரூபாயின் கதை கொஞ்சம் நீளம். ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் எடை. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. இந்த எடை அவ்வளவு நிலையானது என்பதால் நாட்டு மருந்துக் கடைகளில் சுக்கும் திப்பிலியும் 'ஒரு ரூபா எடை' என்றே நிறுக்கப்பட்டன. 1940-இல் வெள்ளிப் பங்கு பாதியாகக் குறைந்தது. 1947-இல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது. இந்த மாற்றத்தை முதலில் மோப்பம் பிடித்தவர்கள் பாட்டிமார்கள். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட பழைய ரூபாய் கைக்கு வந்தால் அது திரும்ப வெளியே போகாது; சுருக்குப் பைக்குள் போய், அங்கிருந்து பித்தளைச் செம்புக்குள் போய், அரிசிப் பானைக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும். இன்று சந்தையில் இருக்கும் நல்ல வெள்ளி ரூபாய்கள் பலவும் பேரன்மார் உடைத்த அந்தச் செம்புகளிலிருந்து வந்தவைதான். அந்தப் பாட்டிமார்களைச் சேகரிப்பாளர்கள் என்று யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் வெள்ளி ரூபாயைப் பொறுத்தவரை அவர்களைவிடப் பெரிய சேகரிப்பாளர் தமிழ்நாட்டில் இருந்ததில்லை என்பேன்.

இப்போது அந்தச் சில்லறை வழி அடைபட்டுவிட்டது. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழுள்ள காசுகளும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போயின. டீக்கடையிலும் பூக்கடையிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. வாரக்கணக்கில் ஒரு காசைக்கூடத் தொடாமல் வாழலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தப் பொழுதுபோக்கு இனி சட்டைப்பையிலிருந்து தொடங்காது. திரையிலிருந்துதான் தொடங்கும்: வாட்ஸ்அப் குழுவில் இரவு நடக்கும் ஏலம், இணையத்தில் ஏல நிறுவனங்களின் விலைப்பட்டியல், எப்போதாவது கல்யாண மண்டபத்தில் நடக்கும் நாணயக் கண்காட்சி. மண்டபத்துக்குப் போனாலும் பாதிப் பேர் கைப்பேசியில் விலையைச் சரிபார்த்தபடிதான் மேசைகளைச் சுற்றுகிறார்கள்.

சென்னையில் சில்லறை வழியை விட்டால் அன்றைக்கு மூர் மார்க்கெட். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 1900-இல் திறந்து, 1985 மே 30 அன்று தீக்கு இரையான அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகம், கிராமபோன், கிளி, தபால்தலை ஆகியவற்றோடு பழங்காசும் உண்டு. தட்டில் கொட்டி வைத்திருப்பார்கள். ராஜராஜன் காலத்துச் செப்புக்காசு (ஒரு பக்கம் ஒருவர் நிற்பார், மறுபக்கம் ஒருவர் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் நாகரியில் பெயர் இருக்கும்), தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் அடித்த சின்னக் காசு, பிரெஞ்சுக்காரர் 'புதுச்சேரி' என்று தமிழிலேயே பொறித்த காசு, கிழக்கிந்தியக் கம்பெனியின் இருபது காசு எல்லாம் ஒரே குவியலில் கிடக்கும். மற்ற ஊர்களில் பாத்திரக்கடைதான் கதி. உருக்குவதற்காக எடைக்கு வந்த செம்பில் கைவிட்டுத் துழாவினால் ஏதாவது அகப்படும். துழாவியவர்கள் காசைக் கண்ணால் அறிவதற்கு முன் விரலால் அறிந்தார்கள். எடையும் விளிம்பின் தடிப்பும் சுண்டினால் எழும் ஓசையும் அவர்களுக்குப் பழக்கம். வார்ப்புப் போலியை ஓசையிலேயே கழித்துவிடும் திறமை அந்தத் தலைமுறையோடு போய்க்கொண்டிருக்கிறது. படத்தில் ஓசை கேட்காது. இன்றைய இழப்பில் இதைத்தான் பெரியது என்பேன்.

அறிவு பரவிய விதத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிடவே முடியாது. வால்டர் எலியட்டின் 'தென்னிந்தியக் காசுகள்' 1880களிலேயே அச்சாயிற்று. கேப்டன் டஃப்னெல் 1889-இல் தென்னிந்தியக் காசு சேகரிப்பவர்களுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அங்கிருந்த நாணயங்களுக்கு அட்டவணைகள் தயாரித்தார். ஆனால் இவற்றைப் பார்க்க நூலகத்தில் இடம் பிடிக்க வேண்டும்; ஆங்கிலம் வேண்டும்; நேரம் வேண்டும். திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கையில் கிடைத்த காசு எந்த அரசருடையது என்று தெரிந்துகொள்ள விரும்பினால், மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்து, அந்தத் தேய்ப்பைத் தபாலில் தெரிந்தவருக்கு அனுப்புவார். பதில் வர ஒரு மாதம் ஆகும். வராமலும் போகும்.

பென்சில் தேய்ப்பு பாமரத்தனமான உத்தி என்று நினைக்க வேண்டாம். காசின் நிறமும் கறையும் மினுமினுப்பும் அதில் வராது. மேடும் பள்ளமும் மட்டும் வரும். எழுத்தைப் படிக்க அதுவே வசதி. பழைய அருங்காட்சியக நூல்களின் படத்தகடுகளைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், அவற்றில் பலவற்றில் இருப்பது காசின் புகைப்படமே இல்லை. காசைப் பாரிஸ் சாந்தில் அச்செடுத்து, அந்த வெள்ளை அச்சைப் படம் பிடித்தார்கள். தங்கம், வெள்ளி, கறுத்த செம்பு எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் நிற்கும். கூசும் ஒளி எதிலும் இருக்காது. புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. அந்த மாதிரி வெட்டின் ஆழத்தை ஒப்பிட்டுப் பார்க்க, மினுங்கும் தங்கத்தைவிடச் சாந்து அச்சு எத்தனையோ மேல்.

பிறகு ஃபிலிம் காலம். அந்தக் காலத்துச் சிரமத்தைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஒரு சுருளில் 36 படம். காசு அளவுக்கு நெருங்க லென்சுக்குப் பின்னால் நீட்டிப்புக் குழாய் மாட்ட வேண்டும். மாட்டினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் ஷட்டரை நீட்ட வேண்டும். நீட்டினால் கை நடுங்கும். சுருள் முடிந்து ஸ்டூடியோவில் கழுவி வந்த பிறகுதான் பாதிப் படங்களில் ஃப்ளாஷ் பட்டு வெள்ளைத் திட்டாகியிருப்பது தெரியும். அதனால் ஆயிரம் காசு வைத்திருந்தவரிடமும் பத்துப் படம் இருந்தால் அதிகம். மீதிக்கு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரிதான்: 'செம்பு, சிறியது, யானை உருவம்.' இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் எதையும் அடையாளம் காண முடியவில்லை.

இப்போது கைப்பேசி ஒன்றே போதும் என்கிறார்கள். போதும்தான், சில சங்கதிகள் தெரிந்தால். கைப்பேசியைக் காசின் முகத்துக்கு அருகே கொண்டுபோகக்கூடாது. அதன் நிழலே காசில் விழும், வட்டமும் கோணலாகும். ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுப்பது நல்லது. இரண்டு பக்கமும் சம உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே ஒரு கண்ணாடிச் சட்டம் போட்டு, அதன்மேல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தால் ஸ்டாண்டு செலவு மிச்சம். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். சன்னல் வெளிச்சமோ மேசை விளக்கோ, ஒரு பட்டர் பேப்பர் வழியாக வரட்டும். அடியில் துணி விரித்தால் நூலிழைகள் காசைவிடத் தெளிவாக விழும். மங்கலான சாம்பல் நிறத் தாள் போதும். நிறத்தைக் கைப்பேசியே முடிவுசெய்ய விட்டால் வெள்ளி நீலமாகும், செம்பு ஆரஞ்சாகும். அந்தச் சாம்பல் தாளை வைத்தே அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது. நம் கண் வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். காசின் கீழ்ப்பக்கத்திலிருந்து விளக்கைக் காட்டி எடுத்த படத்தில் ராஜாவின் தலை குழிந்து உள்ளே போனதுபோல் தெரியும், எழுத்து வெட்டியதுபோல் தெரியும். இணையத்தில் விற்பனைக்கு வரும் படங்களில் இந்தக் கோளாறு ஏராளம். தேய்ந்த காசுக்கு விளக்கைத் தாழ வைத்துப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். மேடு சிறிதானாலும் நிழல் நீளும், எழுத்து எழுந்து நிற்கும். தேயாத புதுக்காசுக்கு இந்த வித்தை உதவாது, மினுக்கு எல்லாவற்றையும் மறைக்கும். அதற்குக் காசுக்கு மேலே ஒரு கண்ணாடித் துண்டை 45 பாகை சாய்த்து, பக்கத்திலிருந்து வரும் ஒளியை அந்தக் கண்ணாடியில் பட்டு நேர்க்கீழாக இறங்க விட்டு, மேலேயிருந்து கண்ணாடி ஊடாகப் படம் எடுப்பார்கள். ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போகிறார்கள். கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் பல கோணங்களில் நகர்த்திப் பல பத்துப் படங்கள் எடுத்துக் கணினியில் சேர்க்கிறார்கள். பிறகு திரையில் வெளிச்சத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். எழும்பூர் காட்சிப் பேழைக்கு முன்னால் கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து நாம் செய்ததைத்தான் மென்பொருள் செய்கிறது, வலியில்லாமல்.

இப்படிப் படம் எடுக்கப் பழகியவர் காசைத் தேய்க்கமாட்டார். தேய்த்த செம்பு எந்தக் கோணத்திலும் படத்துக்கு நன்றாக வராது. அதன் பழுப்புத் தோல் உரிந்து, ரோஸ் நிறத்தில் பச்சைப் புண்ணாகத் தெரியும். தோல் இருக்கும் காசில் பள்ளங்கள் கறுத்தும் மேடுகள் வெளுத்தும் எழுத்து தானாகவே பிரிந்து நிற்கும்.

தேய்க்கவே கூடாது என்று வேதம்போல் ஓதுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சங்க காலத்தில் வேந்தர்கள் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்களா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் மதுரை வியாபாரி ஒருவரிடம் வாங்கிய செப்புக்காசுகளில் ஒன்றில், குதிரை உருவத்தோடு தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்ற பெயரைப் படித்தார். பின்பக்கம் பாண்டியர் மீன் சின்னம். அந்த ஐயம் அத்தோடு விலகியது. மண்ணும் உப்பும் அப்பிய அப்படிப்பட்ட காசைச் சுத்தம் செய்யாமல் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் அந்தச் சுத்தம் வேறு வேலை. காய்ச்சி வடித்த நீரில் நாள்கணக்கில் ஊறவிட்டு, உருப்பெருக்கிக்குக் கீழே மரக்குச்சியால் மண்ணை மட்டும் எடுப்பது. இளம்பச்சைப் பொடியாக உதிரும் களிம்பு இருந்தால் அது நோய்; செம்போடு குளோரைடு சேர்ந்து, காற்றின் ஈரம் பட்டுக் காசை உள்ளிருந்து தின்றுகொண்டிருக்கிறது. அதற்கு வைத்தியம் வேண்டும். கெட்டியாக, கண்ணாடிபோல் ஒட்டியிருக்கும் கரும்பச்சை நோயல்ல. அதை விட்டுவிட வேண்டும்.

சேமிப்பு விஷயத்தில் நடந்த வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். பாட்டியின் மஞ்சள் துணி முடிப்பிலும் பித்தளை டப்பாவிலும் காசுகள் ஒன்றோடொன்று உரசின, கறுத்தன. அதற்கு மேல் பெரிய கெடுதல் நேரவில்லை. கெடுதல் வந்தது அழகான ஆல்பத்தோடு. 1970, 80களில் ஃபேன்ஸி கடைகளில் வந்த வழுவழுப்பான பிளாஸ்டிக் பைகள் கோத்த ஆல்பங்கள் பெரும்பாலும் பி.வி.சி. அதை நெகிழ வைக்கச் சேர்த்த வேதிப்பொருள் சில ஆண்டுகளில் கசியும், பி.வி.சி. சிதையும்போது அமிலமும் வரும். சென்னை, நாகப்பட்டினம்போன்ற கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். ஆசையாகச் சேர்த்தவர் பத்து வருடம் கழித்துத் திறந்தால் காசின் மேல் பச்சைப் பசை படிந்திருக்கும். செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டவர்களின் வெள்ளிக்காசில் ரப்பரின் கந்தகம் ஒரு கறுப்புக் கோடாகவே விழுந்திருக்கும். தேக்குப் பெட்டிதான் உயர்ந்தது என்று நினைத்தவர்களையும் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஏமாற்றியது. இப்போது மைலார் சன்னல் வைத்த அட்டைச் சட்டங்களும் கெட்டிப் பிளாஸ்டிக் கூடுகளும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் எளிதாகக் கிடைக்கின்றன. அட்டைச் சட்டத்தின் ஸ்டேப்பிள் முள்ளை மட்டும் குறடால் தட்டையாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த காசின் முகத்தைக் கீறும்.

தரம் போட்டு, எழுபதுக்கு இத்தனை மதிப்பெண் என்று எழுதி, பிளாஸ்டிக் பாளத்துக்குள் முத்திரையிட்டு அடைக்கும் அமெரிக்க வழக்கமும் இங்கே வந்துவிட்டது. போலியிலிருந்து அது காப்பாற்றும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடைத்த காசை எடை போட முடியாது, சுண்ட முடியாது, தடவ முடியாது. கையில் வைத்திருப்பதற்கும் படத்தில் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

கை படாத காசு என்றதும் சென்னைக்காசு ஒன்றின் கதை நினைவுக்கு வருகிறது. கம்பெனி அரசு இங்கிலாந்தின் சோஹோ ஆலையில் அடித்து, சென்னை மாகாணத்தில் புழங்குவதற்காக 1808 என்று ஆண்டு பொறித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்களைப் பீப்பாய் பீப்பாயாக 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பலில் ஏற்றியது. 1809 ஜனவரியில் கப்பல் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளித்தவர்கள் லட்சக்கணக்கில் காசுகளை மேலே கொண்டுவந்தார்கள். அதே வகைக் காசுகளில் இங்கே வந்து சேர்ந்தவை நம் சந்தைகளில் உருண்டு சிங்கமும் கேடயமும் மழுங்கிக் கிடக்கின்றன. சென்னையைப் பார்க்காமலே போனவற்றில் பல, எழுத்து அழியாமல், கப்பல் பெயர் அச்சிட்ட அட்டையோடு உலகெங்கும் விற்கின்றன.

அந்த அட்டையைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு. மூழ்கிய கப்பலின் காசுக்கு ஊர், நாள், கப்பல் பெயர் எல்லாம் இருக்கின்றன. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்து எடுத்த சேரர் காசுகளுக்கு அது இல்லை. 'மாக்கோதை' என்று பெயரும் தலையுருவமும் பொறித்த வெள்ளிக்காசு சேர வரலாற்றுக்கே பெரிய சான்று. ஆற்றின் எந்த வளைவில், எந்த ஆழத்தில், கூட எந்தக் காசு கிடந்தது என்று பெரும்பாலும் ஒரு குறிப்பும் கிடையாது. சலித்தவர் வியாபாரியிடம் விற்றார், வியாபாரி சேகரிப்பாளரிடம் விற்றார். கை மாறும்போதெல்லாம் இடம் உதிர்ந்தது. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் புதையல் கிடைத்தாலே கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நூறு வயதான காசு தொல்பொருள், அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்பக்கூடாது என்கிறது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். இந்த நூறு ஆண்டுக் கோடு நகர்ந்துகொண்டே வருவது பலருக்கு உறைப்பதில்லை. ஐந்தாம் ஜார்ஜின் 1918-ஆம் ஆண்டு ரூபாயும் இப்போது தொல்பொருள்தான்.

இந்த இடத்தில் இன்றைய கருவிகள் செய்யக்கூடியதை இன்றைய சேகரிப்பாளர்கள் செய்யவில்லை என்பதே என் குறை. கைப்பேசிப் படம் எடுத்த இடத்தையும் நேரத்தையும் தானே குறித்துக்கொள்ளும். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்னத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இருந்தும் குழுக்களில் வரும் படங்களில் எடை இல்லை, விட்டம் இல்லை, வாங்கிய ஊர் இல்லை. விலை மட்டும் இருக்கிறது. போதாக்குறைக்கு, '786 எண் நோட்டுக்கு மூன்று லட்சம்', 'வைஷ்ணவ தேவி காசு இருந்தால் கோடீஸ்வரர்' என்று வரும் காணொளிகள். அனுமார் படம் போட்ட 1818-ஆம் ஆண்டுக் கம்பெனிக் காசு என்று விற்பது அத்தனையும் கட்டுக்கதை. கம்பெனி அப்படியொரு காசை அடித்ததில்லை. இம்மாதிரி வியாபாரத்தில் தன் பெயரைச் சொல்லி முன்பணமும் வரியும் கேட்கிறார்கள், நம்பவேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் எச்சரிக்க வேண்டியதாயிற்று.

சேகரித்தவர் போன பிறகு பெட்டிக்கு என்ன ஆகும் என்பதிலும் படம் வித்தியாசம் செய்கிறது. முன்பெல்லாம் பிள்ளைகள் பெட்டியைத் திறந்து, வெள்ளியை மட்டும் பிரித்து நகைக்கடையில் எடைக்குப் போட்டார்கள். செம்பும் ஈயமும் குப்பைக்கோ உண்டியலுக்கோ போயின. அரிய ஈயக்காசுகள் இப்படி எத்தனை போயினவோ, கணக்கே இல்லை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர், தன் காசு ஒவ்வொன்றையும் இரு பக்கமும் படமெடுத்து, எடை, விட்டம், யாரிடம் எந்த ஊரில் வாங்கியது, வாங்கும்போது அவர் சொன்ன கதை எல்லாவற்றையும் தமிழில் தட்டச்சு செய்து மகளுக்கு அனுப்பி வைத்திருக்கிறார். 'என்னம்மா, இதுல எது முக்கியம்னு உனக்குப் புரியுதா?' என்று ஒருநாள் கேட்டாராம். 'காசு புரியலப்பா. நீங்க எழுதினது புரியுது' என்றாளாம். அடுத்த வாரமே அவர் எல்லாக் குறிப்பிலும் இன்னொரு வரி சேர்க்கத் தொடங்கிவிட்டார்: இதை விற்பதாக இருந்தால் யாரிடம் காட்டிக் கேட்க வேண்டும் என்று.